சீனியை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விடயம்தான்: சாப்பாடு தொடங்கிய பிள்ளைக்குச் சீனி போடாமல் என்ன பேக் பண்ணிக் கொடுக்கலாம்? அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் சேர்த்து எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, மகனுக்கு ஆறரை மாதம். புதிதாக ஓவன் ஒன்று வாங்கியிருக்கிறோம். சீனியும் உப்பும் போட வேண்டாம் என்று மிட்வைஃப் மிஸ் சொல்லிவிட்டுப் போனார். மாமி என்னவென்றால், "இனிப்பில்லாட்டிப் பிள்ளை எப்படித் தின்னும், சீனி வேணாமெண்டா கருப்பட்டி போடு, இல்லாட்டித் தேன் விடு" என்கிறார். யார் சொல்வது சரி? கையில் பிடித்துத் தின்ன ஏதாவது ஒரு செய்முறையும் சொல்லுங்கள். – ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: மிட்வைஃப் மிஸ் சொன்னதுதான் சரி, தங்கச்சி. சீனி விடயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல், இரண்டு வயது வரைக்கும் சீனி கூடிய சாப்பாடு வேண்டாம் என்கிறது. கருப்பட்டி, பனங்கட்டி, சர்க்கரை எல்லாம் நிறத்தில்தான் வேறு, பிள்ளையின் பல்லுக்கும் வயிற்றுக்கும் அவையும் சீனிதான். மாமியிடம் இதை வாதமாகச் சொல்லாதீர்கள். பிள்ளை குடிக்கிற தாய்ப்பாலே இனிப்புத்தான் மாமி, அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

தேன் கதை வேறு. ஒரு வயது முடியும் முன் தேன் கூடவே கூடாது, சுத்தமான காட்டுத்தேன் என்றாலும் கூடாது. தேனில் க்ளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் வயிற்றில் அவை சும்மா கடந்து போய்விடும், கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகைச் சத்தம் மெலியும், உடம்பு தளர்ந்து போகும், மூச்சு வரைக்கும் பாதிக்கும். ஓவனில் வைத்தால் செத்துவிடாதா என்று கேட்பீர்கள். ஓவன் 180 பாகையில் இருந்தாலும் கேக்கின் நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டுவதில்லை, உள்ளே ஈரம் இருக்கும்வரை தாண்டாது. அந்த வித்துகளைக் கொல்ல அழுத்தத்தோடு 121 பாகை வேண்டும். ஆகவே பேக் பண்ணின தேனும் தேன்தான்.

சரி, செய்முறை. நமக்கு லேசாகக் கிடைப்பது வற்றாளைக்கிழங்கு. தோலோடு அவித்து, உரித்து, நாரை எடுத்துவிட்டு மசித்தது ஒரு கப். ஓட்ஸை மிக்ஸியில் பொடித்த மா முக்கால் கப், ஒரு முட்டை, உப்பில்லாத பட்டர் அல்லது தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. குழைத்தால் கையில் லேசாக ஒட்டும், அப்படித்தான் இருக்க வேண்டும், ஒட்டுகிறதே என்று மாவை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள், காய்ந்து போகும். பெரியவர்களின் நடுவிரல் அளவுக்கு நீளமாகவும் தடிப்பாகவும் உருட்டி, லேசாகத் தட்டி, 180 பாகையில் 15 நிமிடம் வைத்து ஒரு தடவை பாருங்கள். வெளியே நிறம் மாறத் தொடங்கினால் எடுத்துவிடலாம். இந்த வயதில் பிள்ளை முழுக்கையாலும் பொத்திப் பிடிக்கும், பொத்திய கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைத்தான் கடிக்கும், அதனால்தான் அந்த நீளம். ஆறிய பிறகு ஒன்றை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நசுக்குங்கள். நசிந்தால் கொடுக்கலாம். நசியவில்லையென்றால் அதை நீங்களும் மாமியும் தேத்தண்ணியோடு சாப்பிடுங்கள். முட்டை இதுவரை கொடுக்கவில்லையென்றால் முதலில் நன்றாக அவித்த முட்டையைக் கொஞ்சம் தனியே கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதில் சேர்க்க வேண்டும்.

அரிசிமாவில் செய்யலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்கிறேன்: சூட்டில் நன்றாக இருக்கும், ஆறினதும் இறுகி, கடித்தால் பொலபொலவென்று தூளாகும். தூள் தொண்டையில் போய் ஒட்டும். குரக்கன் மா போடலாம், ஆனால் அரைவாசி ஓட்ஸ் மாவோடு கலந்து.

சீனியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் உப்பைக் கவனிப்பதேயில்லை. கடையில் வாங்கும் மாஜரின் பெரும்பாலும் உப்புப் போட்டது. பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டியில் 400 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் அளவு. மேலே சொன்னதில் அது இல்லை, கவனித்திருப்பீர்கள். தேவையும் இல்லை, இது பிறந்தநாள் கேக்கா பொங்கி எழும்ப?

கடைசியாக ஒன்று. ஆறு தொடக்கம் எட்டு மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை சாப்பாடு போதும். இடையில் நொறுக்குத்தீனி என்ற ஒன்று ஒன்பது மாதத்துக்குப் பிறகுதான், அதுவும் தேவைப்பட்டால். வயிற்றில் இருக்கும்போது தாயிடம் வாங்கிச் சேர்த்த இரும்புச்சத்து இந்த வயதில் குறைந்துகொண்டு வரும், தாய்ப்பாலில் அது மிகக் கொஞ்சம். அமெரிக்கப் பரிந்துரை அட்டவணைப்படி 7 தொடக்கம் 12 மாதப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும், வளர்ந்த ஆணுக்கே 8தான். வற்றாளையும் வாழைப்பழமும் அதைத் தராது. மீன், இறைச்சி, முட்டை, பயறு, கிழமைக்கு ஒரு தடவை கொஞ்சம் ஈரல், இவைதான் தரும். ஆகவே ஓவன் இருக்கிறது என்று வேளைக்கு வேளை பிஸ்கட் சுட்டு வயிற்றை நிரப்பிவிட்டால் சோற்றுக்கும் மீனுக்கும் இடமிருக்காது. இனிப்பாகவே ஏன் செய்ய வேண்டும்? அவித்த பாரை மீனை முள் எடுத்து உதிர்த்து, மசித்த உருளைக்கிழங்கோடு முட்டை விட்டுப் பிசைந்து அதே விரல் வடிவில் வையுங்கள். கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு.

கேள்வி: சீனி நோயாளிகளுக்கென்று விற்கும் 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டைப் பாலில் கரைத்து எட்டு மாத மகளுக்குக் கொடுக்கலாமா? – ஒரு தகப்பன், சம்மாந்துறை

பதில்: வேண்டாம், தம்பி. அவற்றில் பெரும்பாலும் சீனிக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பு இருக்கும், மோல்ட்டிடோல் போன்றவை சேர்த்ததென்றால் வயிற்றோட்டமும் வரலாம். நான் மேலே சொன்ன அதே 2023 வழிகாட்டல் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் செயற்கை இனிப்பும் கூடாது என்கிறது. பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள், முன்பக்கம் விற்கிறவருக்கு. மாரி பிஸ்கட்டும் ரஸ்க்கும் கரைத்துக் கொடுக்கிற பழக்கம் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறது, அவையும் சீனியும் கோதுமை மாவும்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் எப்போதும் பேரீச்சம்பழம் இருக்கும். சீனிக்குப் பதிலாக அரைத்துப் போட்டால் ஆரோக்கியம்தானே? – ஒரு உம்மா, காத்தான்குடி

பதில்: பிரதான வீதியிலேயே பேரீச்ச மரம் நிற்கிற ஊர்க்காரருக்கு இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் தயக்கம்தான். பேரீச்சம்பழம் நல்ல பழம். நார்ச்சத்து இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது. ஆனால் எடையில் 60 வீதத்துக்கு மேல் இனிப்பு, அதுவும் பசைபோல் பல்லில் ஒட்டும், முளைக்கிற பல்லுக்கு அது நல்லதில்லை. பத்து விரல் பிஸ்கட்டுக்கு இரண்டு பழத்தை வெந்நீரில் ஊறவைத்து, தோலும் கொட்டையும் எடுத்து, மையாக அரைத்துச் சேர்த்தால் பிழையில்லை. ஒரு கப் சீனி போடுமிடத்தில் ஒரு கப் பேரீச்சம்பழக் களி போட்டுவிட்டு "சீனி இல்லாதது" என்று பெயர் வைத்தால் பிள்ளையின் நாக்கு அந்த இனிப்புக்குத்தான் பழகும், பிறகு கீரையை வாயில் வைத்தால் துப்பும். முழுப்பழமாகவோ துண்டாகவோ கொடுக்கவே வேண்டாம், அடைக்கும்.

கேள்வி: ஓவன் இல்லாதவர்கள் என்ன செய்வது? எல்லாரும் ஓவன் செய்முறையே எழுதுகிறீர்கள். – ஒரு வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: கோபம் நியாயம்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மட்டுமில்லை, கிழக்கே எழுவான்கரையிலும் முக்கால்வாசி வீட்டில் ஓவன் இல்லை. உண்மையைச் சொன்னால் இந்த வயதுப் பிள்ளைக்கு ஆவியில் அவித்ததுதான் இன்னும் நல்லது, மெதுவாக இருக்கும், ஓரம் கருகி இறுகாது. மேலே சொன்ன அதே கலவையைச் சின்னக் கிண்ணங்களில் எண்ணெய் தடவி நிரப்பி, இடியப்பம் அவிக்கிற பானையில் வைத்து மூடி, 15 நிமிடம் விடுங்கள். மூடியில் இருந்து தண்ணீர் சொட்டும், அதனால் மூடியை ஒரு துணியால் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மேல்பகுதி களியாகிவிடும்.

சுட்ட வாசம்தான் வேண்டுமென்றால் தடித்த அடியுள்ள சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சுத்தமான மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டுத் தட்டை உள்ளே வையுங்கள். தணல் குறைவாக இருக்கட்டும். ஓவனைவிட இன்னும் பத்து நிமிடம் கூடப் பிடிக்கும், அப்புறம் உங்கள் சட்டியின் குணம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கேள்வி: துண்டாகக் கொடுத்தால் பிள்ளை ஓங்காளிக்கிறாள். பயத்தில் திரும்பவும் எல்லாவற்றையும் அரைத்துத்தான் கொடுக்கிறேன். – ஒரு தாய், அக்கரைப்பற்று

பதில்: ஓங்காளிப்பது வேறு, அடைப்பது வேறு. ஓங்காளிக்கும்போது சத்தம் வரும், இருமும், முகம் சிவக்கும், பிள்ளை தானாகவே துண்டை முன்னுக்குத் தள்ளிவிடும். தின்னப் பழகும் வழியே அதுதான், பக்கத்தில் பேசாமல் இருங்கள். அடைத்தால் சத்தமே வராது, அழ முடியாது, உதடு நீலமாகும். அப்போது ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையென்றால் தலை கீழே இருக்கும்படி உங்கள் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். மாறி மாறி, வரும்வரைக்கும். பக்கத்தில் இருப்பவர் 1990க்கு எடுத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டை வாய்க்குள் விரலை விட்டுத் தேடாதீர்கள், அது இன்னும் உள்ளே போகும்.

அரைத்ததையே தொடராதீர்கள். எட்டு மாதமளவில் கையால் எடுத்துத் தின்னப் பழக வேண்டும். நேராக உட்காரவைத்து, யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் கொடுங்கள். காரில் போகும்போதும், தவழ்ந்து திரியும்போதும் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து விடுவது வேண்டாம்.

கேள்வி: மாமாங்கத் திருவிழாவில் வாங்கின கச்சான் மிச்சம் இருக்கிறது. பிஸ்கட்டில் போடலாமா? ஒவ்வாமை வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா வெருட்டுகிறார். – ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: அந்த அக்கா சொல்வது முன்னர் டொக்டர்மாரே சொன்னதுதான். பிரித்தானியாவில் நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்கு முன்பே கச்சானைக் கொடுத்துப் பழக்கியதில் கச்சான் ஒவ்வாமை 80 வீதமளவு குறைந்திருந்தது. ஆகவே தள்ளிப்போடத் தேவையில்லை. ஆனால் கடுமையான கரப்பான் உள்ள பிள்ளை, முட்டைக்கு ஏற்கனவே தடித்த பிள்ளை என்றால் டொக்டரிடம் கேட்ட பிறகுதான். மற்றவர்கள் மையாக அரைத்த கச்சானில் கால் தேக்கரண்டியைக் கஞ்சியில் கலந்து பகல் நேரத்தில் தொடங்குங்கள், இராத்திரியில் வேண்டாம். முழுக்கச்சான், முழுக்கஜு ஐந்து வயது வரை இல்லை. திருவிழாக் கச்சானை மோந்து பாருங்கள், சிக்கு வாடையோ பூஞ்சணமோ இருந்தால் வீசிவிடுங்கள், உப்புப் போட்டு வறுத்ததென்றால் நீங்களே தின்னுங்கள்.

கேள்வி: வீட்டில் 'பேபி குக்கீஸ்' செய்து விற்க யோசிக்கிறேன். ஒரு மாதம் கெடாமல் இருக்க என்ன போடலாம்? – ஒரு சகோதரி, கல்முனை

பதில்: சீனி கெடாமல் வைத்திருக்கவும்தான் உதவுகிறது, அதை எடுத்தால் ஆயுள் குறையும். நம் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் கிழங்கும் முட்டையும் சேர்ந்த மெதுவான பிஸ்கட்டை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. ஃபிரிட்ஜில் இரண்டு நாள், ஃபிரீஸரில் ஒரு மாதம். வெளியில் ஒரு மாதம் நிற்க வேண்டுமென்றால் எலும்பாகக் காயவைக்க வேண்டும், அது ஏழு மாதப் பிள்ளைக்கு ஆகாது. உறைய வைத்தே விற்றுப் பாருங்கள். செய்த திகதியையும், முட்டை, கோதுமை, கச்சான், பால் எது சேர்த்திருக்கிறதோ அதையும் பெட்டியில் பெரிதாக எழுதுங்கள். "எத்தனை மாதப் பிள்ளைக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓடரை எடுக்க வேண்டும்.