தெருமுனையில் நிற்பவர்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. கோவையில் வங்கி வேலை. 2020 ஊரடங்கின்போது மொட்டைமாடியில் நடக்க ஆரம்பித்து, பிறகு தெருவுக்கு இறங்கி, மூன்று அரை மாரத்தான்கள் ஓடினேன். சென்ற டிசம்பரில் முதல் முழு மாரத்தான். 42.195 கிலோமீட்டரை 5 மணி 10 நிமிடத்தில் முடித்தேன். (பயிற்சிக் காலத்து ஞாயிறுகளில் என் மனைவி நான்கு மணிக்கே எழுந்து கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள்.) பதக்கத்தைச் சுவரில் மாட்டியதோடு சரி. ஏழு மாதமாக ஓடவில்லை. அலாரம் அடிக்கிறது, அணைத்துவிட்டுப் படுக்கிறேன். ஊக்கப் பேச்சுகள் கேட்டுப் பார்த்தேன். தினமும் இரவில் மூன்று விஷயங்களுக்கு நன்றி எழுதினால் உற்சாகம் பிறக்கும் என்றார்கள். அதற்கென்று ஒரு நோட்டு வாங்கினேன். பத்தாவது நாளிலிருந்து 'கால்கள் இருக்கின்றன, காற்று இருக்கிறது, வேலை இருக்கிறது' என்று அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிலைத்து நிற்கும் ஊக்கம் எங்கே கிடைக்கும்? நீங்கள் பதினேழு வருடமாக ஓடுவதாக எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

க., கோவை

அன்புள்ள க.,

முதல் மாரத்தானை முடித்தவன் மனம் கல்யாணம் முடிந்த வீடு மாதிரி. ஆறு மாதமாக எல்லாமே ஒரு தேதியை நோக்கி நடந்தன. தேதி போய்விட்டது. பந்தலைப் பிரிக்கிறார்கள், வாசல் வாழைமரம் துவண்டு கிடக்கிறது. இது நோய் இல்லை. சிலர் இந்த வெறுமைக்குப் பயந்து மறுவாரமே அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அது ஒரு கல்யாணக் கடன் அடைவதற்குள் அடுத்த கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற காரியம்.

பதினேழு வருடமாக என்னை ஊக்கம்தான் ஓட்டுகிறது என்று நீங்கள் நினைத்திருந்தால், உங்களுக்கு ஏமாற்றம் தரவேண்டியிருக்கிறது. ஓட ஆசையோடு நான் கண் விழித்த நாட்கள் பத்துக்கு ஒன்று தேறினால் அதிகம். மற்ற நாட்களில் என்னை எழுப்புவது ஓய்வுபெற்ற ஒரு பஸ் நடத்துநர். எங்கள் தெருமுனையில் டீக்கடை ஷட்டர் ஏறுவதற்கு முன்பே, 4.50-க்கு, அதன் வாசலில் நிற்பார். செல்பேசியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார். 'இன்றைக்கு வரவில்லை' என்று அவரிடம் சொல்ல எனக்கு வழியே கிடையாது. போகாவிட்டால் அந்த மனிதர் இருட்டில் தெருநாய்களோடு நின்றுகொண்டிருப்பார். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே ஷூ நாடாவைக் கட்டுவேன். போய்ச் சேர்ந்ததும் 'ரைட்' என்பார், அவ்வளவுதான் பேச்சு. வண்டி கிளம்பிவிடும். நீங்கள் தேடுகிற ஊக்கம் எனக்கு வருவது அதற்குப் பிறகு, இரண்டாவது கிலோமீட்டர் வாக்கில், மூச்சு ஒரு ஒழுங்குக்கு வந்ததும். படுக்கையில் படுத்துக்கொண்டு அதற்குக் காத்திருந்தால் அது வராது.

ஷிசோ கனகுரி என்ற ஜப்பானியரின் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடினார். அன்று கொடும் வெயில். போர்ச்சுகல் வீரர் ஒருவர் அந்த ஓட்டத்தில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தே போனார். கனகுரியும் வழியில் தளர்ந்து விழுந்தார். ஒரு வீட்டுக்காரர்கள் அவரைத் தேற்றினார்கள். வெட்கத்திலோ என்னவோ, அமைப்பாளர்களிடம் சொல்லாமலே ஊர் திரும்பிவிட்டார். 1967-இல், 75 வயதில், ஸ்வீடன்காரர்கள் அவரை மறுபடி அழைத்து எல்லைக்கோட்டைத் தாண்ட வைத்தார்கள். எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 வினாடி என்று அறிவித்தார்கள். எல்லோரும் இந்த இடத்தில் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

எனக்கு அதற்கு நடுவில் அவர் செய்ததுதான் பெரிது. 1920-லும் 1924-லும் மறுபடி ஒலிம்பிக்கில் ஓடினார். 1920-இல் ஹகோனே எகிடென் என்ற தொடரோட்டத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அது இன்றும் ஒவ்வொரு ஜனவரி 2, 3 தேதிகளில் நடக்கிறது. டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்கு ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள். மொத்தம் சுமார் 217 கிலோமீட்டர். அணிக்குப் பத்து மாணவர்கள். கையில் கட்டை கிடையாது. தோளில் குறுக்காகப் போடும் ஒரு துணிப்பட்டை, தசுகி என்பார்கள், அதைத்தான் ஒருவர் கழற்றி அடுத்தவரிடம் கொடுக்கவேண்டும். முன்னால் போகும் அணிக்கு ரொம்பவும் பின்தங்கிவிட்டால், அடுத்தவர் காத்திருக்க முடியாது. வேறொரு பட்டையைப் போட்டு அவரை அனுப்பிவிடுவார்கள். பின்னால் வருபவன் வியர்வையில் நனைந்த பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவான். வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. அந்தப் பையன்கள் தரையில் விழுந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன், காணொளியில்தான். தோற்றதற்கான அழுகை அது இல்லை. மாரத்தானை நடுவழியில் தனியாகக் கைவிட்ட ஒரு மனிதர், வழியில் இன்னொருவர் காத்திருக்கும் ஓட்டத்தை உண்டாக்கினார் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. இது என் ஊகம், வரலாறு இல்லை.

இனி உங்கள் நோட்டுக்கு வருகிறேன். 'செய்ந்நன்றி அறிதல்' என்று பள்ளியில் படித்தோம். நன்றி என்ற சொல்லுக்கு அங்கே பொருள், ஒருவர் நமக்குச் செய்த நன்மை. நம் பங்குக்கு உள்ள வேலை அதை அறிவது. கால்களும் காற்றும் இருப்பது சரி, ஆனால் அவற்றை எழுதும்போது எதிரில் ஆள் இல்லை. யாரும் எதுவும் செய்யவில்லை. அதனால்தான் பத்தாவது நாளில் வறண்டுபோனது.

எனக்கு இது தெரிந்தது ஓட முடியாத சில மாதங்களில். குதிகால் வலி. மருத்துவர் மூன்று மாதம் ஓடக்கூடாது என்றுவிட்டார். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு சென்னை மாரத்தானில் 34-ஆவது கிலோமீட்டர் தண்ணீர் மேசைக்குப் போனேன். முப்பதைத் தாண்டினால் உடலில் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்துவிடும், கால் கல்லாகும். ஆகவே அந்த மேசைக்கு வருகிறவர்கள் மரியாதை பார்க்கும் நிலையில் இருப்பதில்லை. அதிகாலை இரண்டரைக்கே போய்விட்டோம். காகிதக் குவளையை முக்கால் அளவுதான் நிரப்பவேண்டும். அதை விரல் இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் நிறுத்தி நீட்டவேண்டும், ஓடுகிறவர் பறித்துக்கொண்டு போவதற்குத் தோதாக. ஆரஞ்சுச் சுளை, உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, ஒரு தட்டில் வெறும் உப்பு. முதல் இரண்டு மணி நேரம் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதிக் குவளை குடித்து மீதியைத் தலையில் ஊற்றி, குவளையை என் காலடியில் எறிந்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகுதான் உறைத்தது, ஆறு வருடமாக நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். ஒரு முகம் ஞாபகம் இல்லை.

ஒன்பது மணிக்கு மேல், வெயில் ஏறியபின், கடைசி ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு சாலைத் தடுப்பில் உட்கார்ந்தார். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். குனிந்த தலை நிமிராமல், "நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள்?" என்று கேட்டார். இரண்டரை என்றேன். "சாப்பிட்டீர்களா?" என்றார். எதிரில் இன்னும் எட்டு கிலோமீட்டர் கிடக்கிறது அவருக்கு.

மறுபடி தொடங்குவதாக இருந்தால் இருபது நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், நடையும் ஓட்டமும் கலந்து. பழைய வேகத்தைத் தேடாதீர்கள். அலமாரியில் கிடந்த ஷூவின் அடிப்பாகம் ஒட்டு விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு, உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு கஞ்சி இருக்கிறது. நோட்டில் எந்தப் பக்கத்திலாவது அது வந்திருக்கிறதா? வரும் ஞாயிறு உங்களோடு நடக்க வர விருப்பமா என்று வீட்டில் கேளுங்கள். அன்றைக்குக் கஞ்சியை நீங்கள் காய்ச்சுங்கள். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, அதன்பிறகு கொதிக்கிற நீரில் ஊற்றிக் கிளறவேண்டும். நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாகப் போய்விடும்.