நிறத்துக்கு முன் நேரம்: ரேடார் கேள்வி-பதில்

கே: எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில் என்று ரேடாருக்கு எப்படித் தெரிகிறது? (தடா)

ப: ரேடியோ துடிப்பு போய் முட்டித் திரும்பும் நேரத்தை வைத்து. அது ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடுகிறது. போய்வர ஒரு மில்லிநொடி ஆனால் பொருள் 150 கி.மீ. தள்ளி இருக்கிறது.

கே: படகு ரேடாரில் மீன் கூட்டம் தெரியுமா? (பழவேற்காடு)

ப: தெரியாது. ரேடார் அலை கடல்நீருக்குள் இறங்காது. அதற்குத் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் எக்கோ சவுண்டர்தான். ஆனால் இதைக் கேட்ட கையோடு இன்னொன்றையும் கேட்டிருக்க வேண்டும். உங்கள் ஃபைபர் படகு பெரிய கப்பலின் ரேடாரில் மங்கலாகத்தான் விழும். காட்டுப்பள்ளிக்குக் கப்பல் வந்துபோகும் கடல் அது. கம்பத்தில், ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் உலோக ரிஃப்ளெக்டர் ஒன்றைக் கட்டுங்கள்.

கே: செல்போனில் வந்த ரேடார் படத்தில் எங்கள் ஊர் மேல் சிவப்பாக இருந்தது. காயப்போட்ட வேர்க்கடலையை அவசரமாக அள்ளினோம். ஒரு சொட்டு விழவில்லை. ரேடார் பொய் சொல்லுமா? (சத்தியவேடு)

ப: நீங்கள் அனுப்பிய படத்தின் மூலையில் தேதியைப் பார்த்தீர்களா? 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் சமயத்துப் படம்! யாரோ அனுப்ப, நீங்கள் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். எத்தனை முறை எழுதிவிட்டேன்: முதலில் பார்க்க வேண்டியது நிறம் இல்லை, நேரம். சில படங்களில் அது உலக நேரமாக இருக்கும். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், எந்தப் படம் என்று பாருங்கள். எதிரொலியின் வலிமையைக் காட்டும் படத்தில் சிவப்பு என்றால் கனமழை. காற்றின் ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் வேகப் படத்தில் சிவப்பு, ரேடாரை விட்டு விலகும் காற்று. பச்சை, நெருங்கி வரும் காற்று. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள்தான் ஊரையே பதற வைக்கிறார்கள்.

தூரமும் முக்கியம். அரை டிகிரி உயர்த்திப் பார்க்கும் சென்னை ரேடாரின் கற்றை, 130 கி.மீ. தள்ளி சித்தூருக்கு வரும்போது சுமார் 2 கி.மீ. உயரத்தில் போகும். பூமி வளைவதும் இதற்குக் காரணம். அங்கே தெரிந்த தூறல் தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடலாம்.

களத்தில் கிடப்பது நான்கு மாத உழைப்பு. வானிலைத் துறையின் தளத்தை நீங்களே திறந்து, அடுத்தடுத்த நான்கு படங்களை வைத்து மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள்.

கே: திருப்பதி பக்கத்தில் இருக்கும் காதங்கி ஆராய்ச்சி ரேடார் மழை மேகத்தைக் கலைக்கிறதாமே? (சித்தூர்)

ப: இல்லை. யாரோ சொன்னதை அப்படியே எழுதி அனுப்பாதீர்கள். அங்கே 1,024 ஆன்டெனாக்கள் வயலில் நட்டதுபோல நிற்கின்றன. காற்றின் ஈரம், வெப்பம் இவற்றின் சிறு மாற்றங்களிலிருந்து வரும் மெல்லிய எதிரொலியை அவை கேட்கின்றன. மேகமே இல்லாத நாளிலும் மேல்காற்றை அளக்கலாம்.

கே: வேகத் துப்பாக்கியைச் சாலையோரம் சாய்வாகப் பிடித்ததால் என் வண்டி வேகம் கூடுதலாகக் காட்டிவிட்டது, சரிதானே? (நகரி)

ப: தவறு. சாய்ந்தால் குறைவாகத்தான் காட்டும். 20 டிகிரி கோணத்தில் 80 கி.மீ. வேகம் சுமார் 75 ஆகத் தெரியும்.