மருந்து ஆராய்ச்சிக்கு ஆசைப்படும் மகளை எதில் சேர்ப்பது?

அம்மா, ப்ளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் டாக்டர் படிப்பு வேண்டாம், மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். அதில் பிழைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். ஆனால் நாளாகும், அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

அவள் சொல்லும் துறையில் ஒரு பகுதி, புரதங்கள் ஒட்டுவதையும் விலகுவதையும் மாற்றும் மருந்துகளைத் தேடுவது. செல்லுக்குள் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் விலகியும்தான் ‘வளர்’, ‘நில்’, ‘செத்துப்போ’ என்ற கட்டளைகளைக் கடத்துகின்றன. சில ரத்தப் புற்றுநோய்களில் பிசிஎல்-2 என்ற புரதம், செல்லைச் சாகச் சொல்லும் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 2016-ல் அனுமதி பெற்ற வெனெட்டோகிளாக்ஸ் என்ற மருந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ராபமைசின் என்ற இன்னொரு மருந்து நேர் எதிர். தானாகச் சேராத எஃப்கேபிபி12, எம்டார் என்ற இரண்டு புரதங்களையும் பசை போல ஒட்டவைக்கிறது. அதனால் நோய் எதிர்ப்பு செல்கள் பெருகுவது தடைபட்டு, மாற்றிப் பொருத்திய சிறுநீரகம் அவற்றின் தாக்குதலிலிருந்து தப்பிக்கிறது.

ராபமைசினின் கதையை மகளிடம் அவசியம் சொல்லுங்கள். 1964-ல் ஈஸ்டர் தீவில் எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிரி தந்தது அது. அதை விடாமல் ஆராய்ந்தவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்த சுரேந்திரநாத் சேகல். மருந்தாக அனுமதி கிடைத்தது 1999-ல்! இந்தத் துறையின் வேகம் அவ்வளவுதான். அந்தப் பொறுமை அவளிடம் இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பெண்ணைவிட நான் அதைத்தான் பார்ப்பேன்.

சரி, எதில் சேர்ப்பது? பி.எஸ்சி. வேதியியல். ‘ட்ரக் டிஸ்கவரி’ என்று பெயர் வைத்து லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இளநிலைப் படிப்புகளை நம்பி அவசரப்படாதீர்கள். மூலக்கூறைக் கையால் செய்யத் தெரிந்தவருக்கு உயிரியலைப் பிறகு கற்றுக்கொள்வது எளிது. ஜாம் (JAM) என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வை எழுதித் தேறினால் ஐஐடியில் எம்.எஸ்சி. படிக்கலாம். கரிம வேதியியல் எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டாலும் பெங்களூரு, ஹைதராபாத்தில் உள்ள ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்களில் (மருந்து நிறுவனங்களுக்காக ஆராய்ச்சி செய்து கொடுப்பவை) வேலைக்கு வாய்ப்பு உண்டு. பி.ஃபார்ம். (மருந்தியல் பட்டம்) முடித்து, ஜிபேட் (GPAT) என்ற தேர்வை எழுதி, நைப்பர் (NIPER) என்ற தேசிய மருந்தியல் கல்வி நிறுவனத்தில் சேர்வது இன்னொரு வழி.

சொந்தமாக ஆராய்ச்சி செய்ய பிஎச்.டி. வேண்டும். முடிக்கும்போது வயது 28, 29 ஆகிவிடும். ஆனால் அது உங்கள் காசில் படிக்கும் படிப்பு இல்லை. சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. ‘எப்போது கல்யாணம்?’ என்று கேட்கும் உறவினர்களுக்கு அவள் பதில் சொல்லத் தேவையில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

ப்ளஸ் டூவில் கணிதமும் எடுத்திருக்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் ஐசர் (IISER) என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கான ஐஏடி (IAT) நுழைவுத் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் இருக்கிறது, ஐந்தாண்டுப் படிப்பு. தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலிருந்தும் சமமாகக் கேள்வி வரும். கணிதம் இல்லையென்றால் ஐசருக்காக மல்லுக்கட்ட வேண்டாம். நல்ல ஆய்வகம் உள்ள அரசுக் கல்லூரியோ அரசு உதவி பெறும் கல்லூரியோ போதும். சேர்க்கும் முன் ஒருமுறை அந்த ஆய்வகத்தை இருவரும் நேரில் போய்ப் பாருங்கள்.