ரோடே இல்லாத மலை ஆற்றுப் படுகையில் பாறை வரைபடம் எப்படிப் போடுகிறார்கள்?

அலாஸ்காவில் சுசிட்னா ஆற்றுப் படுகையின் பாறை வரைபடத்தை, அதாவது எங்கே எந்தப் பாறை இருக்கிறது, ஒன்று முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, அத்தனை மலையிலும் நடந்தா கோடு போட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்துதான், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. நிலவியலாளர்கள் ஹெலிகாப்டரில் மலை முகட்டில் இறங்கி, பாறை வெளியே தெரிகிற முகட்டையும் ஓடைக்கரையையும் பார்த்துக்கொண்டே கீழே வருவார்கள்.

நான் காரைக்குடிப் பக்கம். இங்கே பிள்ளையார்பட்டி, குன்றக்குடி மாதிரி சில குன்றுகளை விட்டால் அடிப்பாறை கண்ணில் படாது, செம்புறாங்கல் மூடிக்கிடக்கும், கிணறு வெட்டிப் போட்ட மண்ணைக் கிளறித்தான் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மலையில் அந்த வேலையை ஆறே செய்து கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு ஓடையும் ஆற்றில் சேருகிற இடத்தில் நின்று கூழாங்கற்களைப் பார்ப்பார்கள். ஒன்றில் பச்சைநிற எரிமலைப் பாறை நிறையக் கிடந்து, அடுத்ததில் ஒன்றுகூட இல்லையென்றால், அந்தப் பாறை இரண்டு ஓடைக்கும் நடுவில் எங்கேயோ முடிகிறது என்று சந்தேகம் வரும். கூர்மையான கல் பக்கத்திலிருந்து வந்தது, உருண்டது தூரத்திலிருந்து. சுத்தியலால் உடைத்துப் புது முகத்தை லென்ஸில் பார்ப்பார்கள், நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் பொங்கும். ஆனால் அலாஸ்காவில் பனியாறுகள் எங்கெங்கோ இருந்து கல்லை இழுத்து வந்து போட்டிருக்கின்றன, அதனால் கூழாங்கல்லை மட்டும் நம்பக் கூடாது.

அப்புறம், அந்த வரைபடத்தில் கோடு போட்டுப் பிரிக்கிற பெரிய துண்டுகளுக்கு டெர்ரேன் என்று பெயர். பக்கத்துப் பாறைகளோடு ஒட்டாத வேறு வரலாறு உள்ள நிலத்துண்டு, சுற்றிலும் பிளவுகள்தான், அதாவது பாறை உடைந்து இரு பக்கமும் நகர்ந்த இடங்கள்தான் எல்லை. ரேங்கலியா என்ற துண்டை 1977-ல் அடையாளம் கண்டார்கள். எரிமலைக் குழம்பு ஆறும்போது அந்த இடத்தின் பூமிக் காந்தத் திசை அதில் பதிந்துவிடும், அதன் சாய்வை வைத்து நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். ரேங்கலியாவின் நிக்கோலாய் எரிமலைப் பாறையில் உறைந்திருந்த அந்தத் திசையை அளந்தபோது, அது நிலநடுக்கோட்டுக்கு 15 டிகிரிக்குள் உருவானது என்று தெரிந்தது. இன்று அது அலாஸ்காவில்! எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

ஆனால் பிளவில் பாறை நொறுங்கியிருப்பதால் ஆறு அதை எளிதாக அரித்துப் பள்ளத்தாக்கு ஆக்கி, மேலே சரளையையும் கொட்டிவிடும், ஆகவே வரைபடத்தின் மிக முக்கியமான கோட்டை, அதாவது டெர்ரேனின் எல்லையை, பல இடங்களில் யாரும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். வரைபடத்தை மறுபடி திறந்து பாருங்கள்: முழுக்கோடு என்றால் இடம் துல்லியமாகத் தெரியும், விட்டுவிட்டு வந்தால் உத்தேசம், புள்ளிக்கோடு என்றால் மண்ணுக்கோ பனிக்கோ அடியில் மறைந்திருக்கிறது.