முதலில் ஏறக் கற்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் லாப்ரடார் குட்டிக்கு நாலு மாதம் ஆகிறது. தண்ணீர் என்றால் உயிரைவிடும் இனம் என்று கேள்விப்பட்டு, போன வாரம் நண்பர் வீட்டு நீச்சல் குளத்தில் என் கணவர் அதைத் தூக்கி இறக்கிவிட்டார். தத்தளித்துப்போயிற்று. அன்றிலிருந்து குழாயைத் திறந்தாலே கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொள்கிறது. "தண்ணிக்குப் பயப்படற நாய் வெறிநாய்" என்று மாமியார் வேறு கிலி கிளப்புகிறார். பிள்ளைகளோ ஏரிக்கு அழைத்துப்போக வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் மாமியாரின் கவலையைத் தீர்த்துவிடுவோம். தண்ணீரைக் கண்டு மிரளுவது வெறிநோய் கண்ட மனிதர்களிடம் தெரியும் அறிகுறி. நோய் கண்ட நாய்க்குத் தொண்டை செயலிழந்து விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும், குணம் மாறும். அது தண்ணீரைப் பார்த்து ஓடுவதில்லை. உங்கள் குட்டிக்கு இருப்பது குளத்தில் பட்ட பயம், அவ்வளவுதான். வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று மட்டும் அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரைத் திட்டாதீர்கள். நானும் அதைச் செய்தவன்தான். என் முதல் நாயைக் குளத்தில் போட்டபோது அழகாகக் காலை அடித்து நீந்தியது. பார்த்தீர்களா, நாய்க்குப் பிறவியிலேயே நீச்சல் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். படிக்கட்டு அதன் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் இருந்தது. அதுவோ எதிர்ச் சுவரைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. பின்பகுதி மெல்ல அமிழ்வதைப் பார்த்த பிறகுதான் உடுப்போடு குதித்தேன். காலை அடிப்பது அதற்குத் தானாக வருகிறது, எங்கே ஏறுவது என்பது வருவதில்லை. நன்றாக நீந்தும் நாய்கூடக் களைத்து மூழ்குவது இதனால்தான்.

அதனால் நான் இறங்கப் பழக்குவதில்லை, ஏறப் பழக்குகிறேன். ஒரு அகலமான தொட்டியில் அரை அங்குலம் தண்ணீர் விடுங்கள், வழுக்காமல் அடியில் ஒரு ரப்பர் விரிப்பு. பக்கத்தில் தின்பண்டத்தோடு உட்காருங்கள், கூப்பிடவே வேண்டாம். ஒரு காலை வைத்துவிட்டு வெளியே ஓடினால் ஓடட்டும், ஓடியதற்கும் ஒரு துண்டு கொடுங்கள். எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்று தெரிந்த குட்டிதான் மறுபடி உள்ளே வரும். குளத்துக்குத் திரும்பும்போதும் இதேதான்: லைஃப் ஜாக்கெட் போட்டு முதல் படியில் நிறுத்தி, அங்கிருந்து மேலே ஏற வையுங்கள். மறுநாள் இரண்டாம் படி. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் படியைத் தானாகத் தேடி வந்தால்தான் பாடம் முடிந்தது. இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். பக், புல்டாக் மாதிரி முகம் சப்பையான நாய்கள் மூக்கை மேலே வைக்கவே திணறும். அவற்றுக்குக் கால் நனைத்தாலே போதும் என்பது என் கட்சி.

ஏரிக்கு இப்போது வேண்டாம். குட்டிக்கான தடுப்பூசி வரிசை பதினாறு வாரத்தை ஒட்டித்தான் முடியும், அதற்கப்புறமும் ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும். எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அதற்கான ஊசியும் போட்டாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பச்சைப் பாசி படலமாக மிதக்கும் தண்ணீரில் எந்த வயது நாயையும் விடாதீர்கள், சில வகைகள் கொடிய விஷம்.

பந்து எறிந்து விளையாடும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். தண்ணீரில் பந்தைக் கவ்வும் ஒவ்வொரு முறையும் நாய் ஒரு மிடறு விழுங்குகிறது. விடாமல் எறிந்துகொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்புச்சத்து நீர்த்துப்போய்த் தள்ளாடும், வாந்தி எடுக்கும். அப்படி ஆனால் நேரே மருத்துவமனைதான். பத்து நிமிடம் விளையாட்டு, அப்புறம் நிழலில் ஓய்வு. தரையிலும் அதே கணக்கு. இந்த வயதில் எலும்பு நுனிகள் இன்னும் குருத்தாகவே இருக்கின்றன. லாப்ரடாருக்கு அவை இறுகவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். உயரத்திலிருந்து குதிக்கவைப்பதும் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவைப்பதும் கூடாது. வெயில் நேரத்தில் புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். எறிவதற்குக் குச்சி வேண்டாம், வாய்க்குள் குத்திக் கிழித்த கதைகள் நிறைய.

கரையேறியதும் அது உதறுவதில் நீங்கள் எல்லோரும் நனைவீர்கள், அதற்கு மருந்தில்லை. காது மட்டும் கவனம். நாயின் காதுக்குழாய் உள்ளே மடங்கிப் போவதால் ஈரம் தங்கிப் புண்ணாகும், அதுவும் லாப்ரடார் மாதிரித் தொங்கும் காது என்றால் கேட்கவே வேண்டாம். பஞ்சுக் குச்சி விடாமல், துணியால் வெளியே ஒற்றி எடுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், ஏரி கிடைக்காத கோபம் கொஞ்சம் ஆறும்.