பச்சை சோயா தின்னும் கோழிக்குஞ்சுகள் எடை ஏறாதது ஏன்?

வேகவைக்காத பச்சை சோயாவை அரைத்துத் தீவனத்தில் கலப்பதை இன்றே நிறுத்துங்கள். மூன்று வாரக் குஞ்சுகள் நன்றாகத் தின்றும் எடை ஏறவில்லை, எச்சம் இளக்கமாகப் போகிறது என்கிறீர்களே, அதற்குப் பெரும்பாலும் அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான்தான் காரணம். டிரிப்சின் என்பது புரதத்தைச் செரிக்கக் கணையம் சுரக்கும் நொதி; அதை இது வேலை செய்யவிடாது. புரதம் சரியாகச் செரிக்காது. ஈடுகட்டப் பார்த்துக் கணையம் பெருத்துவிடும்.

இந்தத் தடுப்பான் வெந்தால் அழியும். அதனால் விதையை இரவு ஊறவைத்து, அரை மணி நேரம் வேகவைத்து, காயவைத்து அரையுங்கள். பதம் பார்க்க, கொஞ்சம் மாவை யூரியா கரைத்த நீரில் கலந்து மூடிவைத்து, அரை மணி கழித்துத் திறங்கள். அம்மோனியா நெடி அடித்தால் வேக்காடு போதவில்லை. (அந்தக் கலவையைக் கோழி எட்டாத இடத்தில் கொட்டுங்கள்.)

அதற்காகக் கருக வறுத்துவிடாதீர்கள், லைசின் என்ற அவசியமான அமினோ அமிலம் வீணாகும். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் சோயாவைக் குறைசொல்லிப் பயனில்லை. அது பெரும்பாலும் ரத்தக் கழிச்சல் என்ற குடல் ஒட்டுண்ணி நோய், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.