ஜூதர் அவசரப்பட்டு மன்னித்தான்

வணக்கம். ஆயிரத்தொரு இரவுகளில் ஜூதர் கதை படித்தேன். தன்னை அடிமையாக விற்ற அண்ணன்களை அவன் மன்னித்து அமைச்சர்களாக்குகிறான். அவர்களோ விஷம் வைத்துக் கொல்கிறார்கள். இவன் முட்டாளா, இல்லை இதுதான் விதியா? பாகப்பிரிவினைத் தகராறில் என் அண்ணனோடு பல வருடமாகப் பேச்சில்லை. இப்போது வீட்டுக்குக் கூப்பிடுகிறார். போகலாமா?
கே.

அன்புள்ள கே.,

விதியை விடுங்கள். ஜூதரின் அப்பா உமர் உயிரோடு இருக்கும்போதே சொத்தை நான்காகப் பிரித்து, ஒரு பங்கைத் தனக்கு வைத்துக்கொண்டு, மூன்று மகன்களுக்கும் ஆளுக்கொரு பங்கு தந்துவிடுகிறார். அப்படியும் அண்ணன்கள் சாலிமும் சலீமும் தம்பி ஜூதர்மேல் வழக்குப் போட்டு, மூன்று பேர் பணமும் கரைகிறது. இதில் விதி எங்கே வந்தது?

ஆனால் ஜூதரை முட்டாள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அம்மாவை அடித்துப் பணத்தைப் பிடுங்கிய அதே அண்ணன்கள் ஒன்றுமில்லாமல் வந்து நின்றபோது, மீன் பிடித்துச் சோறு போட்டவன் அவன். பசியோடு வந்தவனிடம் கணக்குக் கேட்கக் கூடாது. அதுவரை அவன் செய்தது அத்தனையும் சரி.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது பின்னால் வரும் இடம். சூயஸ் கப்பலில் அடிமையாகத் துடுப்பு வலித்தவன், மந்திர மோதிரத்தோடு கெய்ரோ திரும்பி, அண்ணன்களைச் சிறையிலிருந்து மீட்கிறான். அவர்கள் அழுகிறார்கள். உடனே இவனே, அழாதீர்கள், ஷைத்தானும் பேராசையும்தான் உங்களை அப்படிச் செய்ய வைத்தன என்கிறான். யூசுஃபை அவர் சகோதரர்கள் கிணற்றிலேயே போட்டார்களே என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான்.

யூசுஃப் நபி அப்படியா செய்தார்? குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். தானியம் கேட்டு வந்தவர்களிடம் தான் யாரென்று அவர் உடனே சொல்லவில்லை. கடைசித் தம்பியை அவர் பிடித்து வைத்ததும், அவனுக்குப் பதிலாக எங்களில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் கெஞ்சுவதைக் கேட்கிறார். நாங்கள்தான் தவறு செய்தோம் என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான், இன்று உங்கள்மேல் எந்தப் பழியும் இல்லை என்கிறார். ஜூதர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே அண்ணன்களை விடவில்லை. சாக்கையும் அவனே எடுத்துக் கொடுத்தான், பதவியும் கொடுத்தான். செய்ததை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாதவர்கள், அடுத்து மோதிரம் யாருக்கு என்றுதானே பார்ப்பார்கள்? ஜூதர் செத்ததும் சாலிம் அதே மோதிரத்தின் பூதத்தை ஏவி சலீமையும் கொல்கிறான்.

சரி, உங்கள் அண்ணன். போங்கள், இருந்து சாப்பிடுங்கள். பத்திரத்தில் கையெழுத்து மட்டும் அன்றைக்கே வேண்டாம். பழசை அவர் பேச ஆரம்பித்தால், பரவாயில்லை அண்ணா என்று குறுக்கே விழாதீர்கள். முழுசாகச் சொல்லி முடிக்கட்டும்.